தொப்பியா, யானையா? எட்டாம் தரத்தில் ஒரு நாவல் வாசித்த கதை

"மொரங்கன் தன் சிலுப்பையைக் கடுவிக்குள் தொழுக்கினான். கடுவி நுமிந்தபடியால் தாய் அவனை மிழுவினாள்."

இந்த இரண்டு வசனங்களையும் ஒருநாள் கரும்பலகையில் எழுதி, கீழே மூன்று கேள்விகள் போட்டேன். மொரங்கன் எதைத் தொழுக்கினான்? எதற்குள் தொழுக்கினான்? தாய் அவனை ஏன் மிழுவினாள்? என் எட்டாம் தர வகுப்பில் 37 பிள்ளைகள். ஒருவர்கூட "இது என்ன டீச்சர்?" என்று கேட்கவில்லை. குனிந்து எழுதினார்கள். சிலுப்பை, கடுவிக்குள், கடுவி நுமிந்தபடியால். ஏறக்குறைய எல்லோருக்கும் முழுப் புள்ளி.

அந்தச் சொற்களை முதல் நாள் இரவு நான்தான் உண்டாக்கினேன். எந்த அகராதியிலும் அவற்றுக்குப் பொருள் இல்லை.

இதைச் செய்யத் தூண்டியது ஒரு மாணவி. ஒரு பந்தியை வாசித்து விளங்கிக் கேள்விகளுக்கு விடை எழுதும் கிரகித்தல் பகுதியில் அவள் எப்போதும் பத்துக்கு ஒன்பது, பத்து எடுப்பாள். ஒருநாள் விடைத்தாளைக் கொடுக்கும்போது, "இந்தப் பந்தி எதைப் பற்றியது மகள்?" என்று சும்மா கேட்டேன். விழித்தாள். பிறகு மிகவும் நேர்மையாகச் சொன்னாள்: "பந்திய முழுசா வாசிக்க மாட்டேன் டீச்சர். கேள்வியில இருக்கிற சொல்ல பந்தியில தேடுவேன். அது இருக்கிற வசனத்த எழுதுவேன். டியூஷன்லயும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க."

நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்குள் ஊறிவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி அது, பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாசிப்பு இல்லை. பத்துக்குப் பத்து எடுக்கும் ஒரு பிள்ளைக்குத் தான் வாசிக்கவே இல்லை என்பது தெரியாமல் இருக்கிறதே என்பதுதான் எனக்கு உறைத்தது.

நான் கற்பிப்பது கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில். பிள்ளைகள் கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, புளூமெண்டால், மட்டக்குளி, முகத்துவாரம் பக்கங்களிலிருந்து வருகிறார்கள். துறைமுகத்தில், புறக்கோட்டை மொத்தக் கடைகளில், மீன் சந்தையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். தெருவில் சிங்களம், வீட்டில் ஒரு தமிழ், தொலைக்காட்சியில் இன்னொரு தமிழ், பாடப்புத்தகத்தில் மற்றொரு தமிழ் என்று நான்கைந்து மொழிகளுக்குள் வாழ்கிறவர்கள். வீட்டில் கதைப் புத்தகம் இருக்கும் பிள்ளைகளைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம்.

இவர்களுக்குப் பந்தி பந்தியாகக் கொடுத்தது போதும், ஒரு முழு நாவலை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாசிப்போம் என்று தீர்மானித்தேன். காரணம் எளியது. 200 சொல்லில் முடிந்துவிடும் பந்தியில் ஒரு பிள்ளைக்குப் பிழையாக நினைக்கக்கூட நேரம் இல்லை. நாவலில் 10ஆம் பக்கத்தில் ஒருவரைக் கெட்டவர் என்று நினைக்கலாம், 60ஆம் பக்கத்தில் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளலாம். தன் எண்ணம் மாறியதைப் பிள்ளை தானே உணரும் அந்த இடம் எந்தப் பயிற்சித்தாளிலும் கிடையாது.

எந்த நாவல் என்பதில் நிறைய யோசித்தேன். நம் ஊர் நாவல்கள் என்று முதலில் எடுத்துப் பார்த்தவற்றில் பல பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை, காதலும் சாவும் நிறைந்தவை. 13 வயதுக்குப் பொருந்தியவை நீளமாக இருந்தன. கடைசியில் 'குட்டி இளவரசன்' என்று முடிவெடுத்தேன். அந்துவான் து செந்த்-எக்சுபெரி என்ற பிரெஞ்சு விமானி எழுதி, 1943இல் முதன்முதலாக நியூயோர்க்கில் வெளிவந்த சிறிய நாவல். தன் ரோஜாவை விட்டுவிட்டு மிகச் சிறிய கிரகம் ஒன்றிலிருந்து பூமிக்கு வரும் ஒரு சிறுவனின் கதை, பாலைவனத்தில் அவனைச் சந்தித்த ஒரு விமானி சொல்வது. 27 அத்தியாயங்கள், பெரும்பாலும் ஒரு 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்குகிறவை. கதாசிரியரே வரைந்த படங்கள் உண்டு. வசனங்கள் எளிமையானவை, அவற்றுக்குள் இருப்பது எளிமையானது இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அதுதான். சொற்கள் கடினமாக இருந்தால் பிள்ளை அகராதியோடு நின்றுவிடும். சொற்கள் தெரிந்தவையாக இருந்தும் பொருள் நழுவும்போதுதான் கிரகித்தல் பற்றிப் பேசவே முடியும்.

பிரதிகள் கிடைப்பது பெரிய தலையிடி. தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களின் விலையை 37ஆல் பெருக்கினால் மயக்கம் வரும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் விலைக்கழிவோடு கொஞ்சம், பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை கொஞ்சம், என் சொந்தப் பிரதி என்று 13 சேர்ந்தது. மூன்று பேருக்கு ஒரு புத்தகம். குறை என்று நினைத்தேன், அதுவே நல்லதாக அமைந்தது. ஒரு புத்தகத்தின் மேல் மூன்று தலைகள் குனிந்திருக்கும்போது யாராவது ஒருவர் "பொறு, பக்கத்தத் திருப்பாத, எனக்கு விளங்கல்ல" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாக வாசிக்கும் பிள்ளை தனக்கே அதைச் சொல்லிக்கொள்வதில்லை. பிறகு இன்னும் ஒன்பது பிரதிகள் தர ஒருவர் முன்வந்தபோது, அவற்றை வீட்டுக்கு இரவல் கொடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தவணையைத் தெரிவு செய்தேன். முதல் தவணையை இல்ல விளையாட்டுப் போட்டி விழுங்கிவிடும், மூன்றாம் தவணையைப் பரீட்சை விழுங்கிவிடும். வாரத்தில் இரண்டு பாடவேளைகள். பகுதித் தலைவரிடம் முன்கூட்டியே போய், எந்தெந்த இலக்கண அலகுகளையும் எழுத்துப் பயிற்சிகளையும் இந்த நாவலோடு சேர்த்தே முடித்துவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் அந்தத் தாளை மறக்க வேண்டாம். "நாவல் வாசிக்கப் போகிறேன்" என்றால் பாடத்திட்டம் என்னாகும் என்ற கேள்வி வரும். "இந்த எட்டு அலகுகளையும் இப்படி முடிக்கப் போகிறேன்" என்றால் கையொப்பம் வரும்.

முதல் நாள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. கதையின் தொடக்கத்தில் வரும் படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் ஒரு கோடு. இது என்ன? தொப்பி என்றார்கள். ஒருவன் கவிழ்த்த சட்டி என்றான். கடலில் போகும்போது தெரியும் மலை என்றாள் ஒருத்தி. பிறகு புத்தகத்தைத் திறந்தோம். கதைசொல்லி ஆறு வயதில் வரைந்த அந்தப் படம், யானையை விழுங்கிய மலைப்பாம்பு. பெரியவர்கள் எல்லோரும் தொப்பி என்கிறார்கள். வகுப்பில் சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடமானது. சரி, இப்போது கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள் என்றேன். கண்டது, நினைத்தது, ஏன் அப்படி நினைத்தேன். கண்டது: வளைந்த கோடு. நினைத்தது: தொப்பி. ஏன்: அப்பா வைத்திருக்கும் தொப்பி இப்படித்தான் இருக்கும்.

அந்த மூன்று நிரல்கள்தான் தவணை முழுவதும் எங்களோடு வந்தன. எழுத்தில் இருப்பது ஒன்று, அதிலிருந்து நான் ஊகிப்பது இன்னொன்று, இரண்டையும் இணைப்பது எனக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்று. இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் ஏறாது. தொப்பியைப் பார்த்து ஏமாந்த பிள்ளைக்கு ஒரு பாடவேளையில் ஏறிவிட்டது.

அடுத்த இரண்டு வாரங்களும் நான் பிழைவிட்ட வாரங்கள். பழைய பழக்கத்தில், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஐந்து கேள்விகள் கொடுத்தேன். பிள்ளைகள் உடனே பழைய வேலையைத் தொடங்கினார்கள். கேள்வியைப் பார், சொல்லைத் தேடு, வசனத்தை எழுது. கெட்டிக்காரர் ஒருவரின் கொப்பி வகுப்பு முழுக்கச் சுற்றியது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஒரு பந்தி சத்தமாக வாசிக்கும் முறையையும் வைத்திருந்தேன். அப்போது என்ன நடக்கிறது என்பதைப் பின் வாங்கில் போய் இருந்து பார்த்தேன். தன் முறை எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணித் தன் பந்தியை மட்டும் உதட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். வாசித்து முடித்தவர் மனதால் வகுப்பை விட்டே போய்விடுகிறார். தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு அது தண்டனை. அன்றோடு நிறுத்தினேன்.

பிறகு இப்படி மாற்றினேன். அத்தியாயத்தின் முதல் பகுதியை நான் வாசிப்பேன், ஏற்ற இறக்கத்தோடு, கதை சொல்வது போல. இடையில் நிறுத்தி என் மனதில் ஓடுவதை உரக்கச் சொல்வேன். "இங்கே எனக்கு விளங்கவில்லை. 'அவன்' என்கிறாரே, யார்? மேலே போய்ப் பார்க்கிறேன்." ஆசிரியருக்கே ஒன்று விளங்கவில்லையா என்று பிள்ளைகள் முதலில் அதிசயப்பட்டார்கள். மிச்சத்தை மூவர் மூவராக மௌனமாக வாசிப்பார்கள். சத்தமாக வாசிப்பது கடைசியில், விளங்கிய பிறகு, நடிப்பது போல. விளங்கிய பிறகு வாசிக்கும்போது குரலே வேறாக இருந்தது.

1984இல் அன்மேரி பலின்ஸ்கர், ஆன் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய ஒரு முறை உண்டு. பிள்ளைகள் குழுவாக இருந்து நான்கு வேலைகளை மாறி மாறிச் செய்வார்கள்: அடுத்து என்ன வரும் என்று சொல்வது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது. அதைக் கேட்டு நானும் நான்கு நிறத்தில் அட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் அட்டையை நிரப்புவது ஒரு புதுப் பயிற்சித்தாள் ஆகிவிட்டது. "எனக்குச் சுருக்கம் டீச்சர், நான் கேள்வி கேக்கத் தேவையில்ல தானே?" என்று ஒருவன் கேட்டபோது அட்டைகளைத் திருப்பி வாங்கிவிட்டேன். அந்த முறை நல்ல முறைதான். வேலைகளைப் பழக்கிவிட்டு அட்டையை விலக்க வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அட்டைக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது நாவலிலேயே இருந்தது. குட்டி இளவரசனிடம் ஒரு குணம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் விடை வரும்வரை அவன் அதைக் கைவிடவே மாட்டான். எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றினாலும் திரும்பத் திரும்பக் கேட்பான். நரியிடம் 'பழக்குவது' என்றால் என்ன என்று அவன் கேட்டுக்கொண்டே இருப்பதைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். ஒரு பெரிய பிரிஸ்டல் போட்டை வாங்கிச் சுவரில் ஒட்டி, மேலே 'விடாக்கேள்வி' என்று எழுதினோம். யாருக்கு எது விளங்கவில்லையோ, பக்க எண்ணோடு அங்கே எழுதலாம். விடை கிடைத்தால் ஒரு கோடு கீறி, கிடைத்த பக்கத்தையும் எழுத வேண்டும். கேள்விக்குப் புள்ளி இல்லை, யார் எழுதியது என்ற பெயரும் இல்லை.

கிரகித்தல் பாடத்தின் திசை அங்கேதான் மாறியது. கேள்வி என்னிடமிருந்து வருவது நின்றது. தனக்கு எது விளங்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்கு ஒரு பிள்ளை முதலில் வாசிக்க வேண்டும், வாசித்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கேள்விகள் குவியக் குவிய அவற்றை வகை பிரிக்கவும் பழகினோம். சிலவற்றுக்கு ஒரே இடத்தில் விடை இருக்கிறது. சிலவற்றுக்கு இரண்டு இடங்களை இணைக்க வேண்டும். சிலவற்றுக்குப் பாதி புத்தகத்திலும் பாதி நம் தலையிலும் இருக்கிறது. சிலவற்றுக்குப் புத்தகத்தில் விடையே இல்லை. இந்த நாலாவது வகை இருக்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. அச்சில் வந்த எல்லாக் கேள்விக்கும் விடை உண்டு என்றுதான் எட்டு வருடமாக நாங்கள் பழக்கியிருந்தோம்.

ரோஜா வரும் அத்தியாயத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரோஜா பெருமைக்காரி. ஒரு சின்னப் பொய் சொல்லப்போய்ப் பிடிபட்டு, வெட்கத்தில், குற்றத்தை இளவரசன் பக்கம் திருப்புவதற்காக இருமுகிறாள். ரோஜா ஏன் இருமினாள் என்று கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர், "அவளுக்குத் தடிமன்" என்றார்கள். காரணம் அந்த வசனத்திலேயே எழுதியிருக்கிறது! எப்படித் தவறவிட்டார்கள் என்று இரண்டு மூன்று பிள்ளைகளை என் அருகில் இருத்தி வாசிக்க வைத்துக் கவனித்தேன். நீண்ட வசனம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் 'என்ற', 'ஆகி', 'அதற்காக' என்று அடுக்கடுக்காகக் கட்டு. பிள்ளைகள் முன்பாதியை அவசரமாகத் தாண்டி, கடைசியில் இருக்கும் 'இருமினாள்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். காரணமெல்லாம் முன்பாதியில் இருந்தது.

இதற்கு நாங்கள் கண்ட வழி, வசனத்தைப் பின்னாலிருந்து அவிழ்ப்பது. கடைசி வினையைத் தொட்டு, யார்? எத்தனை தடவை? எதற்காக? அதற்கு முன் என்ன நடந்தது? என்று பின்னோக்கிப் போவது. நீண்ட வசனத்தை நாலு குட்டி வசனமாகக் கொப்பியில் உடைத்து எழுதுவது. தமிழ் கற்பிக்கும் எல்லோரும் இதை ஒருதடவை செய்துபார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வாசிப்புக் கைநூல்கள் நமக்கு இதைச் சொல்லித்தருவதில்லை, அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்றும் அன்றுதான் தெளிவானது. "இத வீட்டில அம்மாவுக்குச் சொல்றதா நினைச்சுச் சொல்லுங்க" என்றேன். எழுத்துத் தமிழில் வாய் திறக்காத ஒரு பிள்ளை சட்டென்று சொன்னாள்: "அவ சொன்ன பொய் மாட்டிக்கிச்சு டீச்சர். வெக்கமாப் போச்சு. அதான் சும்மா இருமுறா, அவன் பாவம்னு நினைக்கட்டும்னு." இதைவிட நல்ல விளக்கம் இருக்க முடியாது. ஆனால் இதே பிள்ளையின் கொப்பியில், புத்தகத்தின் வசனம் எழுத்து மாறாமல் இருந்தது. பேச்சுத் தமிழில் விளங்கிக்கொள்ளவும், எழுத்துத் தமிழில் விடை எழுதவும் நாங்கள் கேட்கிறோம். நடுவில் பாலம் போடுவதில்லை. அதன் பிறகு எந்த அத்தியாயம் என்றாலும் முதலில் வாயால், வீட்டு மொழியில். சிங்களச் சொல் கலந்தாலும் பரவாயில்லை. பிறகுதான் கொப்பி.

எங்கள் வகுப்பில் மன்னாரிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். பாவோபாப் மரங்கள் வரும் அத்தியாயத்தில், அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "இது எங்கட பெருக்க மரம் டீச்சர்!" மன்னாரில் நூற்றாண்டுகள் கண்ட பெருக்க மரங்கள் இருக்கின்றன. அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். கதையில் அந்த மரம் ஆபத்து. முளையிலேயே பிடுங்காவிட்டால் வேர்கள் கிரகத்தையே பிளந்துவிடும். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பொய். பெருக்க மரம் ஒண்டும் செய்யாது. ஆக்கள் வந்து பாத்து போட்டோ எடுத்துக்கொண்டு போறவை."

அந்த அத்தியாயத்தை அன்று வகுப்பிலேயே மிக ஆழமாக வாசித்தவள் அவள்தான். அவளிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருந்தது. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பேஸ்போல் ஆட்டம் பற்றிய பந்தி ஒன்றை அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களை விட அதிகம் விளங்கிக்கொண்டார்கள். எங்கள் வகுப்பில் அதை நேரில் பார்த்தேன். ஆனால் தெரிந்தது மட்டும் போதாது, அதைப் புத்தகத்தோடு முட்டவிட வேண்டும். "மரம் அதேதான். பிறகு ஏன் அங்கே ஆபத்து?" என்று அவளிடமே கேட்டேன். இரண்டு பக்கம் பின்னால் போனாள். இளவரசனின் கிரகம் ஒரு வீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்று வாசித்தாள். "அப்ப மரத்தில பிழையில்ல டீச்சர், இடம் காணாது." மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். பாவோபாப் முளையும் ரோஜா முளையும் சிறிதாக இருக்கும்போது ஒன்றுபோல இருக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு கெட்ட பழக்கம் என்றார்கள், கெட்ட சிநேகிதம் என்றார்கள். பின் வாங்கிலிருந்து ஒருவன், "வட்டிக்கடன் டீச்சர். சின்னதா இருக்கும்போதே கட்டாட்டி வீடு உடைஞ்சிடும்" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒருநாள் நடந்தது. ரோஜா எதைக் குறிக்கிறது, பாம்பு எதைக் குறிக்கிறது என்று நானே துருவத் தொடங்கினேன். வகுப்பு அணைந்த அடுப்பு போல ஆகிவிட்டது. பிள்ளைகள் தாங்களாகக் கண்டால் அது பொருள், நாங்கள் பிடுங்கினால் அது மனப்பாடம்.

வாசிக்கத் தடுமாறும் ஐந்து பிள்ளைகள் பற்றி இதுவரை சொல்லவில்லை. எட்டாம் தரத்திலும் கூட்டெழுத்து, சந்தி சேர்ந்த நீண்ட சொற்கள் வந்தால் நின்றுவிடுவார்கள். கிரகிப்பதில் பலவீனம் என்று அவர்களின் அறிக்கையில் எழுதியிருந்தது. பாதி உண்மைதான். எழுத்தைக் கூட்டி வாசிப்பது ஒரு திறன், கேட்டதை விளங்கிக்கொள்வது இன்னொரு திறன், வாசித்து விளங்க இரண்டும் வேண்டும் என்று கஃப், டன்மர் என்ற இருவர் 1986இலேயே எழுதிவிட்டார்கள். இந்த ஐவரில் நால்வருக்கு இரண்டாவது திறனில் ஒரு குறையும் இல்லை. கதையைக் கேட்க விட்டபோதுதான் அது தெரிந்தது.

அவர்களில் ஒருவனின் தந்தை பேலியகொடை மீன் சந்தையில் இரவு வேலை. கதையில் விளக்கேற்றுபவர் ஒருவர் வருகிறார். அவருடைய கிரகம் வர வர வேகமாகச் சுற்றி, இப்போது நிமிடத்துக்கு ஒருதடவை சுற்றுகிறது. கட்டளை மட்டும் மாறவில்லை. அதனால் நிமிடத்துக்கு ஒருதடவை விளக்கை ஏற்றி அணைத்துக்கொண்டே இருக்கிறார். ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை, மொக்கு மனிதர் என்று வகுப்பு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. இவன் கையை உயர்த்தினான், அதுவரை உயர்த்தாத கை. "அந்தாளுக்கு நித்திரை தான் வேணும் டீச்சர். எங்கப்பாவும் அப்படித்தான். ஆனா அவர் போகாட்டி வேற யாரும் இல்ல தானே." வகுப்பு அமைதியானது. இளவரசன் சந்தித்த பெரியவர்களில் அந்த ஒருவர் மட்டும்தான் தன்னைத் தவிர வேறொன்றை எண்ணி வேலை செய்கிறவர் என்று இரண்டு பக்கம் தள்ளி வருகிறது. அவன் அதை வாசிக்கும் முன்பே சொல்லிவிட்டான்.

அவனுக்காக ஒவ்வோர் அத்தியாயத்தையும் தொலைபேசியில் மெதுவாக வாசித்துப் பதிவுசெய்து, தாயின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இரவல் பிரதி ஒன்றைக் கொடுத்து, குரலோடு சேர்த்து விரலை நகர்த்தி மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு ஐவருக்கும் அதையே செய்தேன். ஓர் அத்தியாயத்துக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான் எனக்குச் செலவு. தவணை முடிவில் அவன் புதிய பக்கம் ஒன்றைத் தடுமாற்றத்தோடு, ஆனால் நிற்காமல் வாசித்தான். எல்லோருக்கும் அவ்வளவு முன்னேற்றம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு இது போதவில்லை. அவளுக்கு எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும், அதற்குத் தனியாக நேரம் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. இதற்குப் பரீட்சையில் புள்ளி உண்டா? தவணைப் பரீட்சையில் நான் கிரகித்தல் கேள்விகளின் அமைப்பை மாற்றியிருந்தேன். விடையோடு அதற்கு ஆதாரமான இரண்டு இடங்களைக் காட்ட வேண்டும், இரண்டும் எப்படி இணைகின்றன என்று ஒரு வசனத்தில் சொல்ல வேண்டும். எப்போதும் ஒன்பது, பத்து எடுக்கும் என் முதல் மாணவிக்கு ஆறு. தாய் கவலையோடு வந்திருந்தார். மொரங்கன் பந்தியை எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி டீச்சர், ஆனா ஓ.எல்.ல புள்ளி குறையாம பாத்துக்கோங்க" என்றார், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை நினைத்து. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆகவே வாரத்தில் ஒருநாள் பழைய மாதிரி வினாத்தாளையும் நேரம் வைத்துச் செய்வித்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை, எது எதற்கு என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

கடைசி அத்தியாயங்களை நாங்கள் ஒரே மூச்சில், இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து வாசித்தோம். பாம்பு இளவரசனைக் கடிக்கிறது. மணலில் சத்தமில்லாமல் விழுகிறான். விடிந்து பார்த்தால் உடல் இல்லை. இறந்தானா, தன் கிரகத்துக்குப் போனானா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சொல்லுங்கள் டீச்சர் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது அந்த மாணவி, சொல்லைத் தேடி வசனத்தை எழுதும் அதே மாணவி, புத்தகத்தை இழுத்துப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்கினாள். அவளுடைய விரல் எவ்வளவு வேகமானது என்று அன்றுதான் பார்த்தேன். இளவரசன் பாலைவனத்தில் பாம்பை முதன்முதலாகச் சந்திக்கும் 17ஆம் அத்தியாயத்தில் போய் நின்றாள். தான் தொடுகிறவர்களை அவர்கள் வந்த மண்ணுக்கே திருப்பி அனுப்புவதாகப் பாம்பு அங்கேயே சொல்லிவிடுகிறது. வாசித்துக் காட்டிவிட்டு, தான் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் யோசித்தாள். "இதுக்கு ரெண்டு அர்த்தமும் வரும் டீச்சர். மண்ணுக்குப் போறதுன்னா சாகிறதும்தானே." எதிர்ப்பக்கத்தில் இருந்தவன், இறந்தது போலத் தெரியும், ஆனால் அது உண்மையாக இருக்காது என்று இளவரசன் சொல்லும் இடத்தை எடுத்தான். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

பிரிஸ்டல் போட்டில் தவணை முடிவில் நான்கு கேள்விகள் கோடு விழாமல் இருந்தன. அதில் ஒன்று, கதைசொல்லி ஆட்டுக்கு வரைந்து கொடுத்த வாய்க்கட்டுக்குத் தோல்பட்டி போட மறந்துவிட்டாரே, இப்போது ஆடு ரோஜாவைத் தின்றிருக்குமா என்பது. ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்காகச் சுவரை அலங்கரிக்க வந்தவர்கள் போட்டைக் கழற்றப்போனபோது பிள்ளைகள் விடவில்லை. ஒன்பதாம் தரத்துக்குப் போகும்போது சுருட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அது அவர்களுடைய புதிய வகுப்பறையில், மின்விசிறி ஆளிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அதன் கீழே பச்சை மையில், எனக்குத் தெரியாத கையெழுத்தில், ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: "நரி இப்போது யாரோடு இருக்கிறது?"